விருதுப் பட்டியலில் ஏறிய ஆவணப்படங்கள்: மேடையில் கைதட்டல் ஓய்ந்த பிறகு நம் கையில் மிஞ்சுவது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலை, திருகோணமலை நகரை அண்டிய கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவரது மகன் யுத்த காலத்தில் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்டவர். இன்று வரை தகவல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த படப்பிடிப்புக் குழு ஒன்றுக்கு அவர் வாக்குமூலம் கொடுத்தபோது மொழிபெயர்த்தவன் நான்.

"தம்பி, அந்தப் படத்துக்கு ஏதோ பரிசு குடுக்கப் போறாங்களாம் எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில பாத்துச் சொன்னது. அப்ப நீங்கள் அவங்களிட்டச் சொல்லுங்கோ, நான் குடுத்த போட்டோவை ஒருக்காத் திருப்பித் தரட்டாம்."

அவர் கொடுத்தது மகனின் அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வீட்டில் இருந்த ஒரே படம். கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டிய பிறகு, நல்ல வெளிச்சத்தில் மீண்டும் படமெடுக்க வேண்டும் என்று குழுவினர் வாங்கிச் சென்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கீழே நான் பெயர் சொல்லிப் பேசும் படங்கள் எதற்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.

அந்தத் தொலைபேசி அழைப்புத்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நமது யுத்தத்தைப் பற்றிய புலனாய்வு ஆவணப்படங்கள் உலகின் பெரிய தொலைக்காட்சி விருதுகளின் பட்டியல்களில் ஏறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், முகநூலில் பகிர்கிறார்கள். விருது என்றால் என்ன, அதை யார் எதற்காகக் கொடுக்கிறார்கள், அதன் பிறகு என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைத் தமிழில் ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அடுத்த கமரா வாசலுக்கு வரும்போது உதவும் என்று நினைத்தேன்.

நாம் அறிந்த இரண்டு படங்கள்

2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட ஆண்கள் சீருடை அணிந்தவர்களால் சுடப்படும் காட்சி அது. 'இலங்கையில் ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள்' என்ற அமைப்பின் ஊடாக அது வெளியே வந்திருந்தது. அது போலியானது என்று இலங்கை அரசாங்கம் உடனே மறுத்தது. நீதிக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளராக அப்போது இருந்த பிலிப் அல்ஸ்டன் அந்தக் காணொளியைச் சுயாதீன நிபுணர்கள் மூவரிடம் கொடுத்து ஆராய்ந்தார். காணொளி உண்மையானது என்பதையே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார்.

இந்த வரிசையில் அடுத்து வந்ததுதான் 'இலங்கையின் கொலைக்களங்கள்'. கெலம் மக்ரே இயக்கி, ஜோன் ஸ்னோ தொகுத்து வழங்கிய அந்தப் படம் 2011 ஜூன் 14ஆம் திகதி இரவு சனல் 4இல் ஒளிபரப்பானது. அதற்கு முன்னரே ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த நாட்களில் திரையிடப்பட்டது. சுட்டவர்கள் வெற்றி நினைவாகத் தங்கள் கைத்தொலைபேசிகளில் எடுத்த காட்சிகளும், செல்லடிபட்ட மக்களும் வைத்தியசாலைகளில் இருந்தவர்களும் எடுத்த காட்சிகளும் அதில் இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை வெளிவந்திருந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என்று அது கூறியது. அறிக்கையைப் படிக்காத பலருக்கு அதன் பொருளைக் காட்டியது இந்தப் படம்.

படத்துக்கு எதிராகப் பிரித்தானிய ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொம்முக்கு முறைப்பாடுகள் போயின. காட்சிகள் கொடூரமானவை, நிகழ்ச்சி பக்கச்சார்பானது என்பவை அவற்றில் முக்கியமானவை. 2011 ஒக்டோபரில் ஒஃப்கொம் அவற்றை நிராகரித்தது. படம் விதிகளை மீறவில்லை என்றது. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு அதே ஆண்டு ஓகஸ்டில் 'இணங்கிக்கொண்ட பொய்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் பதில் படம் ஒன்றை வெளியிட்டது.

2012 மார்ச்சில் இதன் தொடர்ச்சியாக 'தண்டிக்கப்படாத போர்க்குற்றங்கள்' வந்தது. 2013இல் முழுநீளப் படமான 'நோ ஃபயர் ஸோன்' வந்தது. நம்மவர்கள் அதை 'யுத்த சூனிய வலயம்' என்ற பெயரில் அறிவார்கள்.

முதல் படம் 2012ஆம் ஆண்டு பாஃப்டா தொலைக்காட்சி விருதுகளில் நடப்பு விவகாரப் பிரிவின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. வெல்லவில்லை. அதே ஆண்டு ஒன் வேர்ல்ட் மீடியா அமைப்பின் விருதைப் பெற்றது. 'நோ ஃபயர் ஸோன்' 2014இல் சர்வதேச எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதுவும் வெல்லவில்லை.

விருதை யார் கொடுக்கிறார்கள்?

நம்மில் பலர் இவற்றை ஒருவகைச் சர்வதேசத் தீர்ப்பாக எண்ணுகிறோம். அப்படி எண்ணுவது பிழை. ஒவ்வொன்றும் ஒரு தொழில்துறை அமைப்பு தன் துறையினருக்குக் கொடுக்கும் பாராட்டு.

பாஃப்டா என்பது பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகளுக்கான அகாதமி. அந்த ஆண்டில் பிரித்தானியாவில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளைத் தயாரிப்பு நிறுவனங்களோ தொலைக்காட்சிகளோதான் போட்டிக்கு அனுப்ப வேண்டும். நடப்பு விவகாரம் போன்ற பிரிவுகளில் நடுவர் குழு படங்களைப் பார்த்து, விவாதித்து, வாக்களிக்கும். இறுதிப் பட்டியலில் வழக்கமாக நான்கு நிகழ்ச்சிகள் இருக்கும்.

சர்வதேச எமி விருதை நியூயோர்க்கில் உள்ள சர்வதேசத் தொலைக்காட்சிக் கலைகள், அறிவியல் அகாதமி வழங்குகிறது. அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் நிகழ்ச்சிகளுக்காகத் தொடங்கப்பட்ட விருது அது. ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தின் பீபொடி விருதில் நடுவர்கள் அனைவரும் ஒருமனதாக இணங்கினால்தான் ஒரு படைப்பு தேர்வாகும். ரோரி பெக் விருது, நிறுவனச் சம்பளம் இல்லாமல் ஆபத்தான இடங்களில் தனித்து இயங்கும் படப்பிடிப்பாளர்களுக்கானது. 1993இல் மொஸ்கோவில் கொல்லப்பட்ட ஒரு படப்பிடிப்பாளரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

இவற்றுக்குப் பொதுவான சில குணங்கள் உண்டு. போட்டிக்கு அனுப்புவது நிறுவனம். பல விருதுகளுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்க முடியாது. நடுவர்கள் பார்ப்பது புதிய தகவல், துணிவு, சரிபார்த்த விதம், சொல்லிய விதம், ஏற்படுத்திய தாக்கம் ஆகியவற்றை. குற்றவாளி யார் என்று அவர்கள் தீர்ப்பதில்லை. சாட்சிகளை அழைப்பதில்லை. மறுதரப்பைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஆகவே ஒரு படம் தோற்றால் நம் துயரம் பொய்யாகிவிடாது. வென்றால் நமக்கு நீதி கிடைத்ததாகவும் ஆகாது.

ஒரே பட்டியல், இரண்டு முடிவுகள்

2012 மே 27ஆம் திகதி நடந்த பாஃப்டா விழாவில் நடப்பு விவகாரப் பிரிவில் வென்றது பிபிசி பனோரமாவின் 'மறைமுகப் பராமரிப்பு: அம்பலமான கொடுமை' என்ற நிகழ்ச்சி. பிரிஸ்டல் நகருக்கு அருகே கற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பராமரித்த விண்டர்போர்ண் வியூ என்ற தனியார் வைத்தியசாலையில், நோயாளிகளை ஊழியர்கள் அடித்தும் இழிவுபடுத்தியும் வந்தார்கள். செய்தியாளர் ஒருவர் ஊழியராக வேலைக்குச் சேர்ந்து மறைகமராவில் அதைப் படமெடுத்தார்.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானது 2011 மே 31. நமது படம் ஒளிபரப்பானது ஜூன் 14. இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரங்கள் மட்டுமே. ஒரே ஆண்டு, ஒரே பிரிவு, ஒரே நடுவர் குழு.

அந்த நிகழ்ச்சி வந்த சில வாரங்களில் வைத்தியசாலை மூடப்பட்டது. பொலிஸார் ஊழியர்களைக் கைது செய்தனர். 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012 ஒக்டோபரில் பிரிஸ்டல் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. ஆறு பேர் சிறை சென்றனர். ஒளிபரப்பிலிருந்து தண்டனை வரை 17 மாதங்கள்.

நமது படத்தில் காட்டப்பட்ட கொலைகளுக்காக இலங்கையில் இன்று வரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதை எழுதுவது அந்த நோயாளிகளின் துன்பத்தைச் சிறுமைப்படுத்த அல்ல. அவர்களுக்குக் கிடைத்தது நியாயமான முடிவு. நான் சொல்ல வருவது வேறு. அங்கே கமரா காட்டியதை ஒரு பொலிஸ் நிலையம் கையில் எடுத்தது, ஒரு வழக்குத் தொடுநர் கோப்பாக்கினார், ஒரு நீதிபதி கேட்டார். விருது கிடைத்திருக்காவிட்டாலும் அந்தத் தண்டனை கிடைத்திருக்கும். இங்கே அந்த மூன்று படிகளும் இல்லை. அதனால் பத்து விருது கிடைத்திருந்தாலும் வழக்கு அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

திருகோணமலைக் கடற்கரையில் எடுத்த படங்கள்

இதைப் புரிந்துகொள்ள நாங்கள் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்றாலே போதும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை அங்கே கூடியிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். இருவர் காயமடைந்தார்கள். முதலில் முச்சக்கர வண்டி ஒன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. பின்னர் துப்பாக்கிச் சூடு. அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்ற கதை படைத்தரப்பிலிருந்து முதலில் வந்தது. அந்தக் கதையை உடைத்தவை சில புகைப்படங்கள். 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் வைத்து அவற்றை எடுத்தார். மாணவர்கள் கிட்ட நின்று தலையில் சுடப்பட்டிருந்ததை அந்தப் படங்கள் காட்டின.

அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற சுகிர்தராஜன் நகரில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான் அறிந்தவரை எங்கள் மாவட்டத்தில் ஒரு புகைப்படம் செய்த மிகப் பெரிய புலனாய்வு அதுதான். ஒரு அரச விளக்கத்தை ஒரே நாளில் பொய்யாக்கியது. அதற்கு விருது மேடை எதுவும் இருக்கவில்லை. எடுத்தவர் 22 நாட்கள்தான் உயிரோடு இருந்தார்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 2006 நவம்பரில் நியமிக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழு இந்தக் கொலைகளையும், அதே ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டதையும் தன் பட்டியலில் எடுத்தது. அதன் அறிக்கை 2015 ஒக்டோபரில்தான் பகிரங்கமானது. மாணவர் கொலை தொடர்பாக 2013 ஜூலையில் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட சந்தேக நபர்கள் கைதாகி, சில மாதங்களில் பிணையில் வெளியே வந்தார்கள். சாட்சிகளில் பலர் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள். கொல்லப்பட்ட மாணவர் ஒருவரின் தந்தையான வைத்தியர் வெளிநாட்டில் இருந்தபடி ஜெனீவாவரை சென்று நீதி கேட்டார். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சான்று இல்லை என்று கூறி திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 13 சந்தேக நபர்களையும் விடுவித்தது.

புகைப்படம் இருந்தது. அதை எடுத்தவர் இல்லை. கண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் வந்து சொல்லப் பாதுகாப்பான இடம் இல்லை. ஒரு வழக்கு எப்படிச் சாகிறது என்பதற்கு எங்கள் ஊரில் இதுதான் பாடம். ஒவ்வொரு ஜனவரி 2ஆம் திகதியும் அந்தச் சிலையடியில் விளக்கேற்றும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. 2015 நவம்பரில் இலங்கை வந்த ஐ.நா. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு இடம் ஒன்றைப் பார்த்ததாகப் பகிரங்கமாகச் சொன்னது. வருடக்கணக்காக எங்கள் தாய்மார் சொல்லி வந்ததை உலக அமைப்பு ஒன்று நேரில் கண்டது அப்போதுதான்.

அப்படியானால் விருதால் பயனே இல்லையா?

உண்டு. அளவு தெரிந்து எதிர்பார்த்தால் உண்டு.

முதலாவது, பார்வையாளர். இரவு நேரத்தில் ஒரு தடவை ஒளிபரப்பாகி மறைந்து போயிருக்கக்கூடிய படம், பட்டியலில் ஏறியதும் வேறு நாடுகளின் தொலைக்காட்சிகளுக்கும் விழாக்களுக்கும் நாடாளுமன்ற அறைகளுக்கும் போகிறது.

இரண்டாவது, நம்பகத்தன்மை. 'புலிகளின் பிரசாரம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடப்பட்டதை, அந்த மண்ணோடு தொடர்பில்லாத தொழில்முறை நடுவர்கள் தரமான இதழியல் என்று ஏற்றுக்கொள்வது சிறிய விடயம் அல்ல. இந்தப் படங்கள் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் தப்பியோடியவர்களைச் சுட்டதையும் சொல்லின. அதை மறைக்காததும் அவை நம்பப்பட்டதற்கு ஒரு காரணம். நமக்கு அது கசப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் படம் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

மூன்றாவது, பாதுகாப்பு. 2009இல் 20 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட ஊடகவியலாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு அதே ஆண்டு பீற்றர் மக்லர் விருது கிடைத்தது. வெளிநாட்டு அழுத்தம் பெருகியது. 2010 ஜனவரியில் பிணையில் வந்தார், மே மாதத்தில் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. விருது மட்டும் அவரை வெளியே கொண்டுவரவில்லை. ஆனால் ஒரு பெயரை உலகம் மறக்காமல் பார்த்துக்கொள்ள அது உதவியது.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் எட்டுவதில்லை. 'நோ ஃபயர் ஸோன்' படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மலேசிய மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்றி மீது தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடப்பட்டது. படம் எமி பட்டியலில் ஏறிய பிறகும் வழக்கு நிற்கவில்லை. 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காக வந்த மக்ரேயும் சனல் 4 குழுவும் வடக்கு நோக்கிச் சென்ற ரயில் அநுராதபுரத்தில் மறிக்கப்பட்டது. அவர்கள் கொழும்புக்குத் திரும்ப நேர்ந்தது. பரிந்துரை இயக்குநருக்குக் கிடைக்கிறது. விலையை அங்கங்கே வேறு ஆட்கள் கொடுக்கிறார்கள். கமராவுக்கு முன் பேசியவர், மொழிபெயர்த்தவர், வாகனம் ஓட்டியவர், வீட்டைத் திறந்து விட்டவர் ஆகியோரின் பெயர்கள் விருதுக் கல்லில் பொறிக்கப்படுவதில்லை. பல நேரங்களில் பொறிக்காமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது.

ஒளிநாடா நீதிமன்றத்துக்குப் போன இடங்கள்

ஸ்ரெப்ரெனிகா படுகொலைக் காலத்தில் 'தேள்கள்' என்ற சேர்பியத் துணைப்படை ஆறு பேரைச் சுட்டதை அந்தப் படையினரே படமெடுத்து வைத்திருந்தார்கள். பிரதிகளை அழிக்கும்படி உத்தரவு போனது. ஒரு பிரதி மிஞ்சியது. பெல்கிரேட்டில் மனிதாபிமானச் சட்ட நிலையத்தை நடத்திய நடாஷா கண்டிச் அதைத் தேடிப் பெற்றார். 2005 ஜூனில் ஹேக் நகரில் மிலோசெவிச் வழக்கின்போது அது காட்டப்பட்டது. சில நாட்களில் சேர்பியாவிலேயே கைதுகள் நடந்தன. 2007இல் பெல்கிரேட் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் இடையில் 12 ஆண்டுகள். அந்த நாட்களில் யாரோ ஒருவர் ஒரு பிரதியைக் கவனமாக வைத்திருந்தார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

1991 நவம்பர் 12ஆம் திகதி கிழக்குத் திமோரின் சாந்தா குரூஸ் மயானத்தில் இந்தோனேசியப் படையினர் ஊர்வலம் வந்தவர்களைச் சுட்டபோது, மக்ஸ் ஸ்டால் என்ற படப்பிடிப்பாளர் உள்ளே இருந்தார். கைதாகு முன் ஒளிநாடாக்களை மயானத்து மண்ணுக்குள் புதைத்தார். பின்னர் இரவில் வந்து தோண்டி எடுத்தார். அந்தக் காட்சிகள் உலகம் முழுதும் போயின. 2000இல் அவருக்கு ரோரி பெக் விருது கிடைத்தது. அதைவிட முக்கியமாக, அவர் தன் ஒளிநாடாக்களைத் திமோரிலேயே ஒரு ஆவணக் காப்பகமாக்கினார். 2013இல் யுனெஸ்கோ அந்தத் தொகுப்பை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. திமோரின் பிள்ளைகள் இன்று தங்கள் சரித்திரத்தைத் தங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

இந்த இரண்டிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. மூலப் பிரதி தப்பியது, அது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

கமரா வரும்போது

நமக்கும் இப்போது ஒரு சிறு வாசல் இருக்கிறது. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டது. எதிர்காலத்தில் எந்த நாட்டின் நீதிமன்றமாவது வழக்கை எடுத்தால் பயன்படும் என்பதே நோக்கம். 2020 டிசம்பரில் வெளியான பெர்க்லி நெறிமுறை, இணையத்திலும் கைத்தொலைபேசியிலும் உள்ள காட்சிகளை நீதிமன்றம் ஏற்கும் விதத்தில் எப்படிச் சேகரிப்பது என்று சொல்கிறது. அவற்றிலிருந்தும் என் அனுபவத்திலிருந்தும் சில விடயங்களைச் சொல்கிறேன்.

மூலக் கோப்பை மாற்றாதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் காட்சியின் தரம் குறைந்துவிடும். எடுத்த நேரம், கருவி போன்ற உள்விபரங்களும் பெரும்பாலும் அழிந்துவிடும். 2009 காணொளி ஆராயப்பட்டபோது நிபுணர்கள் பார்த்தது இப்படிப்பட்ட நுணுக்கங்களைத்தான். பழைய தொலைபேசி பழுதானாலும் எறிய வேண்டாம், மெமரி கார்ட்டைத் தனியே எடுத்து வையுங்கள்.

படத்தோடு விபரத்தையும் எழுதி வையுங்கள். எடுத்தவர் யார், எங்கே, எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. ஒரு அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கம் போதும். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒரு பிழையான திகதி முழுச் சாட்சியத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

அசல் புகைப்படம், அடையாள அட்டை, முறைப்பாட்டுப் பிரதி எதையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் கண் முன்னால் படமெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பேசுவதற்கு முன் கேளுங்கள். என் முகம் தெரியுமா? குரல் மாற்றப்படுமா? நாளை பயம் வந்தால் என் பகுதியை எடுத்துவிடுவீர்களா? வெட்டாத முழுப் பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை வருடம்? விருதுக்கு அனுப்பினால், வேறு நாட்டில் ஒளிபரப்பினால் எனக்குச் சொல்வீர்களா? தமிழில் ஒரு பிரதி எனக்குத் தருவீர்களா? நல்ல குழு இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும். அவசரப்படுத்தும் குழுவுக்கு நேரமில்லை என்று சொல்லி அனுப்பலாம்.

படம் நல்லதாக வரவேண்டும் என்பதற்காகச் செய்தியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கண்டதைக் கண்டதாக, கேட்டதைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லை. நீதிமன்றத்தில் நிற்கப் போவது அந்த வார்த்தைகள்தான்.

எங்களைப் போல மொழிபெயர்ப்புக்கும் வழிகாட்டவும் போகிறவர்களுக்கும் ஒன்று. அந்த வீட்டுக்காரர் நம்புவது குழுவை அல்ல, உங்களை. குழு விமானம் ஏறிய பிறகும் அதே வீதியில் அவரைச் சந்திக்கப் போகிறவர் நீங்கள். ஆகவே அவருடைய கேள்விகளை அவருக்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. அந்தக் குழுவுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதுக்குத் தேடிப் பார்ப்பதாகப் பதில் வந்தது. இரண்டாவதுக்கு வரவில்லை. படத்துக்கு அந்தப் பரிசும் கிடைக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

பிறகு மகன் படித்த பாடசாலையின் பழைய வகுப்புப் படம் ஒன்று அவரோடு படித்த ஒருவரிடம் கிடைத்தது. மூன்றாவது வரிசையில், பாதி முகம் மறைந்தபடி நிற்கிறார். அதை ஸ்கான் செய்து பெரிதாக்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது அவன்தான். ஆனா இதில சின்னப் பிள்ளையா நிக்கிறான் தம்பி. அந்தப் படத்தில மீசை வந்திட்டுது."

இப்போது என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த வீட்டில் யார் எந்தக் குழுவுக்கு என்ன காட்டினார்கள், என்ன கொடுத்தார்கள், திரும்பி வந்ததா என்று திகதியோடு எழுதுகிறேன். முதல் பக்கத்தின் முதல் வரியில் அந்த மீசை வந்த படம் இருக்கிறது. அதற்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.